மக்காத எருவும் வாடிய தக்காளியும்



நம் சங்கக் கூட்டத்தில் உழவைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்தால் முதலில் ஒரு குறள் வரும். பிறகு கைதட்டல் வரும்; அதன் பின் தேநீர் வரும். உழவர் மட்டும் வரமாட்டார். சென்ற பொங்கல் விழாவில் அப்படி எழுந்து பேசியவர்களில் நானும் ஒருவன். "மண்ணுக்கு வந்த நோயை இயற்கை எருவே தீர்க்கும், நஞ்சை விடுங்கள், எருவை இடுங்கள்" என்று நான் முழங்கியதும், நண்பர்கள் கைகுலுக்கிப் பாராட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தப் பேச்சில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மற்றப் பாதியை அன்று சொன்னதைவிட உறுதியாகச் சொல்லவும் விரும்புகிறேன்.

நாம் தங்கிப் படிக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி வானத்திலிருந்து விழுந்த ஊரன்று. 1978-ஆம் ஆண்டில் கியோனிக்ஸ் என்னும் கர்நாடக மின்னணுக் கழகம், கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய இரு சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் இதைத் தோற்றுவித்தது. 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் வழித்தட மெட்ரோவில் பொம்மசந்திரம் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஆனேக்கல் பக்கம் சென்றால், கண்ணாடி மாளிகைகள் மறைந்து, தக்காளியும் கத்தரியும் கோசும் விளையும் செம்மண் தோட்டங்கள் தொடங்கிவிடும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் நம் ஓசூர், அதற்கப்பால் தக்காளிச் சந்தைக்குப் பெயர்போன இராயக்கோட்டை, கிழக்கே கோலார். விடுதிச் சாம்பாரில் மிதக்கும் தக்காளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் சொல்லிவிடுவோம். தட்டில் நாம் மிச்சம் வைக்கும் சோறு எங்கே போகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

பேச்சின் சூடு ஆறுமுன்னே, ஆனேக்கல் பக்கத்துத் தோட்டம் ஒன்றைப் பார்க்கப் போனேன். நம் விடுதிக்குக் காய்கறி கொண்டுவரும் வண்டிக்காரரின் உறவினர் அவர். ஓசூர்த் தமிழ் பேசும் பெரியவர். ஒன்றரை ஏக்கரில் தக்காளி. உச்சி வெயிலில் அங்கங்கே செடிகள் தலை தொங்கி நின்றன. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி விழவில்லை. பச்சையாக இருந்தபடியே துவண்டிருந்தது. நான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு செடியைப் பிடுங்கினார். தண்டைச் சாய்வாக அறுத்தார். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, அறுத்த முனை நீரில் படும்படி பிடித்துக்கொண்டார். சில நிமிடங்கள் சென்றன. தண்டிலிருந்து பால் போன்ற வெள்ளை நூலொன்று நீரில் மெல்ல இறங்கிற்று.

"பாத்துக்க தம்பி. தண்ணி இல்லாம வாடல. தண்ணி போற குழாய அடைச்சிருக்கு" என்றார்.

பாக்டீரியா வாடல் நோய் அது. ரால்ஸ்டோனியா சொலனாசியேரம் என்பது கிருமியின் பெயர். வேரில் சிறு காயம் கிடைத்தால் உள்ளே நுழைந்து, நீர் ஏறும் நாளங்களில் பெருகி அடைத்துவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் அதற்கு உணவு. செடி செத்தாலும் அது சாவதில்லை. மண்ணிலும் நீரிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பெரியவர் செய்த தம்ளர்ச் சோதனையைப் பயிர்நோய்ப் புத்தகங்களும் சொல்லுகின்றன. நுண்ணோக்கி இல்லாமல் நோயறியும் இந்த எளிய வித்தையை அவர் எங்கே கற்றார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அதற்குள் அவர் என்னை நாற்றங்காலுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

அங்கே நாற்றுகள் கழுத்தொடிந்து கிடந்தன. மண்ணோடு தண்டு சேருமிடத்தில் வெள்ளைப் பஞ்சு போன்ற பூசணம். அதன் மேல் கடுகு சிதறியது போல் பழுப்பு மணிகள். ஸ்கிளிரோஷியம் என்னும் பூசணத்தின் விதைமணிகள் அவை. பாத்தியின் ஓரத்தில் ஒரு குவியல் கிடந்தது. புளித்த நாற்றம் வீசிற்று. அதில் பாதி மக்கிய சோறு, வாழைத்தோல், தர்ப்பூசணித் தோல், ஒரு பிளாஸ்டிக் கரண்டி. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து "ஆர்கானிக் உரம்" என்று சொல்லி ஒரு லாரி நிறைய இலவசமாகக் கொட்டிவிட்டுப் போனார்களாம்.

"வாடல் நோய் மூணு வருசமா இருக்கு. எரு போட்டா போயிடும்னு சொன்னாங்க. போட்டேன். அது போகல, இது வந்து சேந்துக்கிச்சு. உங்க எருவும் வேணாம், உங்க உபதேசமும் வேணாம் தம்பி" என்றார். பிறகு மோர் கொடுத்தார். அந்த மோரைப் போலப் புளித்த மோரை நான் குடித்ததில்லை. தவறு மோரின் மீதில்லை என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து படிக்கத் தொடங்கினேன். படித்ததில் முதலில் புரிந்தது, பெரியவர் இரு வேறு வழக்குகளை ஒன்றாகக் கட்டிவிட்டார் என்பது. வாடல் நோயை அந்த எரு கொண்டுவரவில்லை. அது முன்பே இருந்தது. நாற்றின் கழுத்தழுகலுக்கோ அந்த எருவே காரணமாயிருக்க மிகுந்த இடமுண்டு. மக்காத பொருளைத் தின்று வளர்வது ஸ்கிளிரோஷியத்தின் இயல்பு. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியமும் அப்படியே. பச்சைக் குப்பை கிடைத்தால் அதில் கொழுத்து, பிறகு நாற்றின் மேல் பாயும். ஆக, "எரு" என்னும் ஒரே சொல்லை மருந்துக்கும் வைத்திருக்கிறோம். நோய்க்குப் போடும் தீனிக்கும் வைத்திருக்கிறோம். மேடையில் நான் செய்த பிழையும் அதுதான்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஹாரி ஹாய்ட்டிங்க் என்னும் பயிர்நோய் அறிஞர். 1970-களிலிருந்து அவரும் அவர் குழுவினரும் மரப்பட்டையை மக்கவைத்து நாற்றுப்பண்ணைத் தொட்டிகளில் இட்டு, வேரழுகல் குறைவதைக் கண்டனர். ஏன் குறைகிறது என்று தொடர்ந்து கேட்டதில்தான் அவர்கள் பெருமை இருக்கிறது. மக்கும் குவியல் முதலில் சூடேறும். 55 டிகிரிக்கு மேல் போகும். அந்த வெப்பத்தில் நோய்க்கிருமிகள் மடியும். ஆனால் நல்லவையும் அதோடு மடியும்! சூடு ஆறிய உடனே எடுத்த எருவில் காவலே இல்லை, வெறும் வீடு. எந்தக் கிருமி முதலில் நுழைந்தாலும் அதற்கே சொந்தம். பல வாரம் ஆறவிட்டு முதிரவைத்தால்தான் டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூசணங்களும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் திரும்பக் குடியேறுகின்றன.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. டிரைக்கோடெர்மா, நோய்ப்பூசணத்தைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைத்துத் தின்னும் வேட்டைக்காரன். ஆனால் பாதி மக்கிய எருவில் அதற்கு வேறு இரை ஏராளமாகக் கிடக்கிறது. அவ்வெருவில் டிரைக்கோடெர்மாவும் இருக்கும், ரைசோக்டோனியா என்னும் நோய்ப்பூசணமும் இருக்கும், இரண்டும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து விருந்துண்ணும், ஒன்றையொன்று தொடாது. எளிய உணவு தீர்ந்து எரு முதிர்ந்த பிறகே வேட்டை தொடங்கும். வயிறு நிறைந்த காவற்காரன் திருடனைப் பிடிப்பதில்லை என்பதை நாம் ஊரில் பார்த்திருக்கிறோம். மண்ணிலும் அதே நியாயம்! இன்று கடையில் டிரைக்கோடெர்மாப் பொட்டலம் வாங்கிப் பச்சைச் சாணத்தில் கலந்து தூவிவிட்டு, பலனில்லை என்று கையை உதறுகிறவர்கள் பலர். பொட்டலத்தை மட்டும் குற்றம் சொல்லுவது நியாயமன்று.

நம் நாட்டில் இந்த அறிவுக்குப் பஞ்சமில்லை. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு குப்பையை முறைப்படி மக்கவைக்கும் வழியை வகுத்தார். அவ்வூரின் பெயராலேயே அது உலகெங்கும் அறியப்பட்டது. (வளமான மண்ணில் வளர்ந்த பயிரை நோய் அண்டாது என்று அவர் கொண்ட நம்பிக்கை சற்று அதிகம் என்பது என் கருத்து. ரால்ஸ்டோனியா வளமான மண்ணையும் மதிப்பதில்லை.) பந்த்நகரில் ஆர்.எஸ். சிங்கும் கே. சீதாராமையாவும் பிண்ணாக்கு வகைகளை மண்ணில் இட்டு வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைத்துக் காட்டி, 1970-களின் தொடக்கத்திலேயே எழுதினர். நூற்புழு என்றால் ஏதோ ஒரு புழு என்று தள்ளிவிடவேண்டா. அது வேரில் போடும் துளைதான் வாடல் கிருமிக்குத் திறந்த வாசல். வேப்பம் பிண்ணாக்கு அழுகும்போது வெளிவரும் அம்மோனியாவும், வேம்பின் கசப்புப் பொருள்களும் அந்தப் புழுவைத் தாக்குகின்றன. புழு குறைந்தால் வேரில் காயம் குறையும். காயம் குறைந்தால் வாடலும் ஓரளவு குறைய வழியுண்டு. செண்டுமல்லியின் வேரிலும் நூற்புழுவைக் கொல்லும் பொருள் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செண்டுமல்லி எங்கும் பூக்கிறது. அதைத் தக்காளிக்கு முன்னாலோ இடையிலோ வைப்பது நம்மவருக்குப் புதுவேலையும் அன்று.

நம் பெங்களூரிலேயே, ஹெசரகட்டாவில், 1967-இல் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு டன் தொழு எருவிலோ வேப்பம் பிண்ணாக்கிலோ டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் முதலியவற்றை இவ்விரண்டு கிலோ கலந்து, ஈரம் காயாமல் நிழலில் 15 நாள் வைத்திருந்து, பெருகவிட்டு, பிறகு நிலத்தில் இடும் முறையை அந்நிறுவனத்தார் பரப்பியிருக்கின்றனர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், எக்டருக்கு 2½ கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ தொழு எருவில் கலந்து இடச் சொல்லுகிறது. இரண்டிலும் கவனிக்கவேண்டியது ஒன்றே: நுண்ணுயிரும் எருவும் சேர்ந்தே போகின்றன. எரு இல்லாத நுண்ணுயிர் அரிசியில்லாத குடித்தனம்.

எருவால் ஆகாததையும் சொல்லியாகவேண்டும். பெரியவரின் தோட்டம் போல வாடல் நோய் வேரூன்றிய மண்ணில், எவ்வளவு நல்ல எருவை இட்டாலும், நோய்க்கு இடங்கொடுக்கும் தக்காளி வகையைத் தொடர்ந்து நட்டால் நட்டமே மிஞ்சும். ஹெசரகட்டாக்காரர்கள் வாடலைத் தாங்கும் அர்க்கா ஆபா, அர்க்கா ஆலோக் என்னும் வகைகளையும், பின்னர் அர்க்கா ரக்ஷக் என்னும் கலப்பினத்தையும் தந்தது அதனால்தான். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம், தாங்குதிறன் உள்ள கத்தரியின் வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டி நடும் முறையைப் பரப்பியதும் அதனால்தான். வகையை மாற்றி, பயிரைச் சுழற்றி, வாடிய செடியைப் பிடுங்கி எரித்து, அதனோடு முதிர்ந்த எருவையும் ஆண்டுதோறும் இட்டுவந்தால் மண் மெல்ல மெல்ல நம் பக்கம் திரும்பும். இதற்கு ஒரு பட்டம் போதாது. "இந்தப் பொங்கலுக்கு இட்டால் அடுத்த பொங்கலுக்கு நோயில்லை" என்று சொல்லுகிறவர் விற்பனைக்காரராக இருப்பார். அல்லது போன பொங்கலில் பேசிய என்னைப் போன்றவராக இருப்பார்.

மருந்துக்காரர்களைத் திட்டிவிட்டு நகர்வது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. நாற்றங்காலில் அழுகல் கண்ட அன்று தாமிர மருந்து ஊற்றுகிற உழவரை நான் குறை சொல்லேன். அவருடைய கடன் அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்காது. ஆனால் மண்ணையே ஒருமுறை கொன்று தூய்மை செய்துவிடலாம் என்னும் ஆசையின் கதையை உலகம் பார்த்துவிட்டது. மெத்தில் புரோமைடு என்னும் புகைநஞ்சு நோயையும் புழுவையும் களையையும் ஒருங்கே கொன்றது. அதோடு வானத்தின் ஓசோன் படலத்தையும் அரித்தது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சில விலக்குகள் நீங்கலாக, வளர்ந்த நாடுகள் 2005-இலும் மற்ற நாடுகள் 2015-இலும் அதை வயலிலிருந்து விலக்கின. அதற்கு மாற்றாக ஜப்பானியர் எதைக் கொண்டார்கள் தெரியுமா? தவிடு! தவிட்டை மண்ணில் கலந்து, நீர் நிறையப் பாய்ச்சி, பிளாஸ்டிக் தாளால் சில வாரம் மூடிவைக்கிறார்கள். காற்றில்லாத மண்ணில் தவிடு புளித்து எழும் அமிலங்கள் நோய்க்கிருமியை ஒடுக்குகின்றன. இங்கே பச்சைப்பொருள்தான் மருந்து. ஆனால் அளவோடும், மூடியும், காத்திருந்து நட்டும். கொட்டிவிட்டு ஓடுவதன்று.

மண்ணுக்கு மருந்தாகவேண்டிய எருவே நோயின் ஐயத்துக்கு உள்ளானால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துத் தீவே சான்று. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்து, சீனத்திலிருந்து கப்பலில் இயற்கை உரம் வரவழைக்க ஏற்பாடு செய்தது. மாதிரியைச் சோதித்த இலங்கைப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள், எர்வினியா இனத்துக் கிருமி அதில் இருப்பதாகச் சொல்லி உரத்தை ஏற்க மறுத்தனர்; விற்ற கம்பெனியோ அதை மறுத்தது. உரம் கரையிறங்கவில்லை, ஆயினும் 2022 ஜனவரியில் இலங்கை 67 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. தடையும் 2021 நவம்பரிலேயே விலக்கப்பட்டிருந்தது. இடையில் நொந்தவர்கள் அந்நாட்டு உழவர்கள். அவர்களில் நம் மொழி பேசுவோரும் உண்டு. எருவின் பெயரால் அவசரப்பட்டவர்கள், எருவுக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். எலெக்ட்ரானிக் சிட்டி பிறப்பதற்கு மூன்றாண்டு முன்னரே, 1975-இல், கர்நாடகக் கம்போஸ்டு வளர்ச்சிக் கழகம் பிறந்துவிட்டது. ஓசூர்ச் சாலையை ஒட்டிய கூட்லுப் பக்கம் நகரக் குப்பையை எருவாக்கத் தொடங்கியது. கம்ப்யூட்டருக்கு முன்னே கம்போஸ்டு வந்த சாலை இது! பின்னால் வீடுகள் நெருங்கின. வீட்டார் நாற்றம் தாங்கவில்லை என்று முறையிட்டனர். அவர்கள் முறையீடு நியாயமானதே. ஆனால் பிரிக்காத குப்பையை அனுப்பியவர்களும் நகரத்தவர்தாமே? பிரிக்காத குப்பை எங்கே போனாலும் நாறும். 2014-இல் மண்டூர்க் கிராமத்தார் வண்டிகளை மறித்து, எங்கள் ஊர் உங்கள் குப்பைத்தொட்டியன்று என்று போராடியதும் அதனால்தான். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் இடங்கள் முடிந்தவரை தம் வளாகத்திலேயே மக்கும் கழிவைப் பக்குவப்படுத்தவேண்டும் என்றன. சட்டத்துக்கு அஞ்சிய சிலர் இரண்டு வாரம் சுழற்றிவிட்டு, பழுப்பு நிறம் வந்ததும் "உரம்" என்று சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். அந்த லாரிகளில் ஒன்றைத்தான் நான் பெரியவரின் பாத்தியோரத்தில் சந்தித்தேன்.

நம் விடுதிச் சமையற்கட்டின் பின்னால் நாள்தோறும் நான்கு பெரிய டிரம் நிறைகிறது. அதில் உப்பும் எண்ணெயும் உண்டு. உப்பு மிகுந்த எரு வேரை வருத்தி, பித்தியம் போன்றவற்றுக்கு வழிவிடும் என்பதும் ஆராய்ச்சியில் கண்டதே. ஆகவே சமைத்த மிச்சத்தை மட்டும் குவிப்பது கூடாது. காய்கறித் தோலும், நம் வளாகத்தில் நாள்தோறும் கூட்டி எரிக்கிறார்களே, அந்தச் சருகும் அதிகம் சேரவேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் கணக்குப்படி, திறந்த குவியலில் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் இருக்கவேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்டவேண்டும். பிறகு குறைந்தது இரண்டு மாதமாவது ஆறவிடவேண்டும் என்பது என் கட்சி. முதிர்ந்ததா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஈர எருவைப் பையில் கட்டிச் சில நாள் வைத்துத் திறந்தால் மழைபெய்த மண் வாசம் வரவேண்டும். புளித்த வாடை வந்தால் அது எரு அன்று. அதில் பச்சைப்பயறு முளைபோட்டுப் பாருங்கள். வேர் கருகாமல் வெள்ளையாக ஓடினால் சரி.

"நாம் கம்ப்யூட்டர் படிக்க வந்தோமா, குப்பை கிளற வந்தோமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். குப்பையை உண்டாக்கவும் நாம் வரவில்லைதான். ஆயினும் மூன்று வேளையும் தவறாமல் உண்டாக்குகிறோமே! சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். விடுதிக் கழிவைப் பிரிப்பது, வளாகத்திலேயே மக்கவைப்பது, முழுதும் முதிராத ஒரு கூடையையும் எந்தத் தோட்டத்துக்கும் அனுப்பாதிருப்பது. மூன்றாவதைத் தோற்கடித்துவிட்டு முதல் இரண்டை நிறைவேற்றுவதானால், மூன்றையுமே தோற்கடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவரிடம் மறுபடியும் போயிருந்தேன். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாற்றங்காலில் ஒரே ஒரு பாத்தி கேட்டேன். பக்கத்துப் பாத்தியில் அவர் வழக்கப்படி செய்யட்டும், இரண்டையும் அவரே எண்ணிப் பார்க்கட்டும் என்றேன். நெடுநேரம் யோசித்தார். "ஒரு பாத்திதான். கரண்டி கிரண்டி இருந்திச்சோ, தூக்கி ரோட்டுல போட்டுடுவேன்" என்றார்.

குவியலைப் பூப்பந்து மைதானத்துக்குப் பின்னால், சருகு கொட்டும் மூலையில் தொடங்கியிருக்கிறோம். இப்போது ஆறு பேர். இன்று காலை நடுக்குவியலில் வெப்பமானி 57 காட்டிற்று. ஓரத்தில் 41 தான். ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்ட ஞாயிறு காலை 7 மணிக்கு ஆள் வேண்டும். மண்வெட்டி இரண்டுதான் இருக்கிறது, இருப்பவர்கள் கொண்டுவரவும்.